மங்கலுக்கு ஆதாரம்

ஒரு திங்கட்கிழமை காலையில் சீட்டக்காவுக்குப் புள்ளி தெரியாமல் போயிற்று.

அவருடைய வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி. தரைத்தளத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னல். மேல் மாடிகளில் டாக்டர்கள் கணினியில் எழுதும் மருந்தும் அளவும் சீட்டக்காவின் திரையில் வந்து நிற்கும். அதைப் பார்த்து அவர் இன்னொரு நிரலில், அதாவது புரோகிராமில், திரும்பத் தட்டுவார். ஒட்டும் சீட்டு ஒன்று அச்சாகி வெளியே நாக்கை நீட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மருந்தாளர் அதைக் கிழித்துப் பாட்டிலில் ஒட்டி ஜன்னல் வழியே கொடுப்பார். ஒரு நிரலில் இருப்பதை எதற்கு இன்னொரு நிரலில் திரும்பத் தட்ட வேண்டும் என்று கேட்கக் கூடாது. இரண்டையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் வாங்கினார்கள். ஒன்றோடு ஒன்று பேசாது. நகலெடுத்து ஒட்டுவதும் பாதுகாப்பு கருதித் தடுக்கப்பட்டிருந்தது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகளுக்கு நடுவில் தூது போவதுதான் அவர் உத்தியோகம்.

சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் நோயாளியின் வாய்க்குள் போகும். அதனால் அவர் புள்ளிகளை மதிப்பவர். ஒரு புள்ளி நகர்ந்தால் மருந்து பத்து மடங்காகும் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று காலை கணினியைத் திறந்தபோது எழுத்துகளெல்லாம் நனைந்த காகிதத்தில் எழுதியதுபோல் கசிந்திருந்தன. மூன்றும் எட்டும் உடன்பிறப்புகளாகிவிட்டன. புள்ளி இருந்த இடத்தில் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன தடம்போல் ஏதோ ஒன்று. போதாததற்கு, "நினைவகம் குறைவாக உள்ளது, சில நிரல்களை மூடவும்" என்று ஒரு பெட்டி எழுந்து, சரியாக மருந்தின் அளவு எழுதியிருக்கும் இடத்தை மறைத்துக்கொண்டு நின்றது. மூடினால் திரும்ப வந்தது.

சீட்டக்கா திரையைத் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் ஐந்தாம் மாடிக்குத் தொலைபேசியை எடுத்தார். அங்கேதான் தொழில்நுட்ப ஆதரவுப் பிரிவு இருக்கிறது.

"மானிட்டர் மங்கலா இருக்குங்க."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" என்றது குரல். அது முதல்நிலை ஆதரவாளரின் குரல். இரண்டாம் நிலையை யாரும் பார்த்ததில்லை.

"பண்ணிட்டேன்."

"இன்னொரு தடவை பண்ணுங்க."

பண்ணினார். மங்கலாகவே இருந்தது.

"அப்ப புகார் புரோகிராம்ல பதிவு பண்ணுங்க மேடம். போன்ல சொன்னா அது புகார் இல்ல, பேச்சு."

புகார் நிரலைத் திறப்பதற்கு நினைவகம் போதவில்லை. இங்கே நினைவகம் என்றால் என்னவென்று ஒரு வார்த்தை. கணினிக்குள் ஒரு அலமாரியும் ஒரு மேஜையும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் காகிதமும் அலமாரியில் இருக்கும்; வேலை செய்யும்போது மட்டும் எடுத்து மேஜைமேல் பரப்ப வேண்டும். அந்த மேஜைதான் நினைவகம். மேஜை சிறிதென்றால் ஒன்றை எடுத்து வைத்தால்தான் இன்னொன்றைப் பரப்ப முடியும். எளிய, அழகான ஏற்பாடு. ஆக, சீட்டக்கா புகார் எழுத வேண்டுமென்றால் மருந்துச் சீட்டு நிரலை மூட வேண்டும். மூடினார். ஜன்னலுக்கு வெளியே வரிசை நீண்டது.

"என்னக்கா, கடையைச் சாத்திட்டீங்களா?" என்றார் மருந்தாளர்.

"கடையைத் திறக்கிறதுக்குத்தான் சாத்தியிருக்கேன். சும்மா இருங்கண்ணே."

புகாரை அனுப்பியதும் பதில் உடனே வந்தது. பிரிவின் வேகத்தைக் குறை சொல்ல முடியாது. "மங்கலுக்கு ஆதாரமாக ஸ்கிரீன்ஷாட் இணைக்கவும்." இணைத்தார். அடுத்த பதில்: "படத்தைப் பரிசோதித்தோம். தெளிவாக உள்ளது. புகார் தீர்க்கப்பட்டது."

சீட்டக்காவுக்குத் தலை சுற்றியது. ஆனால் நடந்ததில் மாயம் எதுவுமில்லை. திரை என்பது மிகச் சிறிய விளக்குகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட பலகை. எத்தனை விளக்கு என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். கூட்டவோ குறைக்கவோ முடியாது. கணினி அதே எண்ணிக்கையில் புள்ளிகளை அனுப்பினால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு புள்ளி, எழுத்து கத்தி போல் நிற்கும். குறைவாக அனுப்பினால் திரை என்ன செய்யும் பாவம்? இரண்டு பேருக்குப் போட்ட சோற்றை மூன்று பேருக்குப் பரிமாறுவதுபோல், பக்கத்து விளக்குகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பூசும். அந்தப் பூச்சுதான் மங்கல். அது கணினிக்குள் இல்லை, கண்ணாடியில் நடக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டோ கணினி அனுப்பியதைப் பிடிக்குமே தவிர, கண்ணாடியில் தெரிவதைப் பிடிக்காது. மழையில் நனைந்து வந்த கடிதத்தைப் பற்றிப் புகார் சொன்னால், எழுதியவர் வீட்டில் இருக்கும் நகலை எடுத்துப் பார்த்து, "காய்ந்துதானே இருக்கிறது" என்பதற்குச் சமம்.

பிரிவுக்கு இது தெரியாதா? தெரிந்திருக்கலாம். ஆனால் விதியில் ஸ்கிரீன்ஷாட் என்றுதான் இருந்தது.

சீட்டக்கா கைப்பேசியால் திரையைப் படமெடுத்து அனுப்பினார். "தங்கள் கைப்பேசிப் படம் மங்கலாக உள்ளது. கைப்பேசியைப் பழுதுபார்த்துக்கொள்ளவும். புகார் தீர்க்கப்பட்டது." மறுபடி எழுதினார். "கண் பரிசோதனைச் சான்றிதழ் இணைக்கவும்." அதே ஆஸ்பத்திரியின் கண் டாக்டர் அவரை உட்கார வைத்துச் சோதித்தார்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா. என் மானிட்டரும் அப்படித்தான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். "நான் நோயாளியைப் பார்க்கிறேன், மானிட்டரைப் பார்க்கிறதை விட்டுட்டேன்."

சான்றிதழ் மேலே போனது. "பயனரின் பார்வை நன்றாக உள்ளதாகச் சான்று பெறப்பட்டது. எனவே திரை அவருக்குத் தெரிகிறது. புகார் தீர்க்கப்பட்டது."

நினைவகத்தைப் பற்றிய புகாரைப் பிரிவு இன்னும் அக்கறையோடு கவனித்தது. மறுநாளே எல்லாக் கணினிகளிலும் நினைவகக் காவலன் என்றொரு நிரலைப் போட்டார்கள். மேஜையில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் கடமை. பார்ப்பதற்கு அது மேஜைமேல் ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்தது. மிச்சமிருந்த இடமும் போயிற்று. இப்போது இரண்டு பெட்டிகள் எழுந்தன. ஒன்று, நினைவகம் குறைவு என்றது. மற்றொன்று, காவலன் நலமாக இருக்கிறான் என்றது. சீட்டக்கா அதையும் புகார் செய்தார். காவலன் சரியாக வேலை செய்கிறானா என்று பார்க்க ஒரு மேற்பார்வையாளனை அனுப்பினார்கள். அவன் மூன்றாவது பெட்டி.

பொறுக்க முடியாமல் சீட்டக்கா ஐந்தாம் மாடிக்கே ஏறிப் போனார்.

பிரிவின் அறைக்குக் கனமான கதவு. அட்டையைக் காட்டினால்தான் திறக்கும் பூட்டு. உள்ளே குளிர்ச்சி. சுவர் நிறையத் திரைகள். ஒவ்வொன்றிலும் எழுத்துகள் இப்போதுதான் செதுக்கியதுபோல் நின்றன. சீட்டக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த அறையில் பூஜ்ஜியத்துக்கும் மூன்றுக்கும் நடுவில் புள்ளி இருந்தது.

"உங்களுக்கு மட்டும் எப்படிங்க சார் தெளிவா இருக்கு?"

பிரிவுத் தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குக் கேள்வி பிடித்திருந்தது.

"உக்காருங்க. ஒரே பார்வைத் திட்டம் கேள்விப்பட்டிருக்கீங்களா? ஒவ்வொரு மாசமும் என்னோட உரை எல்லா மானிட்டர்லயும் வருதில்ல? என் மானிட்டர்ல முழுசா தெரியுது, சில இடத்துல ஓரம் வெட்டுப்படுதுன்னு சொன்னாங்க. அது நியாயமா? ஒருத்தருக்கு முழுசு, ஒருத்தருக்கு முக்கால்வாசியா? அதனால என் மானிட்டர்ல எத்தனை புள்ளியோ அத்தனை புள்ளிதான் எல்லாருக்கும்னு உத்தரவு போட்டேன். மாடி மாடியா இறங்கி, திங்கக்கிழமை உங்க தரைத்தளத்துக்கும் வந்தாச்சு."

"இதோ இருக்கே, இந்த மானிட்டரா சார்?"

"சேச்சே, இது புதுசு. அது பழசு, தூக்கிப் போட்டாச்சு. திட்டம் நல்லா நடக்குது, எதுக்கு மாத்தணும்?"

"அப்ப உங்க மானிட்டருக்கு அந்தத் திட்டம்…"

"நாங்க தரத்தைச் சோதிக்கிறவங்கம்மா. நாங்களும் மங்கலா பார்த்தா மத்தவங்களுக்குத் தெளிவா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"என் கம்ப்யூட்டர்ல அந்த ஒரு அமைப்பை மட்டும் மாத்திக் கொடுங்க சார். இல்லன்னா எழுத்தையாவது பெருசாக்கிக் கொடுங்க. மருந்து விஷயம்."

"மாத்தலாம். ஆனா உங்க புகாரெல்லாம் தீர்ந்துபோச்சே? தீர்ந்த புகாருக்கு மறுபடி வேலை செஞ்சா தணிக்கையில என்னைக் கேள்வி கேப்பாங்க."

சீட்டக்கா இறங்கி வந்தார். படியில் வரும்போது அவருக்கு ஒன்று தோன்றியது. அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் அந்த அறையில் தெளிவாகத் தெரிகிறது.

அன்று மாலையிலிருந்து அவர் சந்தேகமான ஒவ்வொரு மருந்தையும் படமாகப் பிடித்து, மங்கல் என்று புகார் எழுதினார். "தெளிவாக உள்ளது" என்று பதில் வந்ததும் தொலைபேசியை எடுத்தார்.

"தெளிவா இருக்குன்னு சொன்னீங்களே, அப்படி என்னதான் தெரியுது, சொல்லுங்க பார்ப்போம்."

"பரிசோதிக்கிறீங்களா மேடம்? ஸீரோ புள்ளி அஞ்சு மில்லி, நாளைக்கு ரெண்டு வேளை. போதுமா?" முதல்நிலை ஆதரவாளருக்கு ரோஷம்.

"போதும்."

சீட்டு அச்சானது. வரிசை நகர்ந்தது. வார்டுகளும் இந்த வழியைக் கற்றுக்கொண்டன. புகார்கள் மழையாகக் கொட்டின. ஒவ்வொன்றும் அந்த நிமிடமே தீர்க்கப்பட்டது. முதல்நிலை ஆதரவாளர் நாள் முழுவதும் மருந்தின் அளவுகளை வாசித்துக்கொண்டிருந்தார். இதன் விளைவாக நேர வேண்டியது நேர்ந்தது. மிக அதிகமான புகார்களை மிக விரைவாகத் தீர்த்த பிரிவு என்று ஐந்தாம் மாடிக்கு விருது அறிவிக்கப்பட்டது.

விருது விழாவன்று ஜன்னலில் குழாய்க்காரர் நின்றிருந்தார். கட்டடங்களில் குழாய் பொருத்துகிறவர். கைப்பை நிறையத் திருகுக் கருவிகளோடு வேலைக்கு நடுவில் ஓடி வருவார். அவருடைய கைக்குழந்தை மூன்றாம் மாடியில் இருந்தது. இதயத்துக்குச் சொட்டு மருந்து. அரை மில்லி என்று போய்க்கொண்டிருந்த அளவை அன்று காலை டாக்டர் மாற்றி எழுதியிருந்தார்.

சீட்டக்காவின் திரையில் பூஜ்ஜியம், ஈயின் தடம், அப்புறம் மூன்றோ எட்டோ ஒன்று.

"கூட்டியிருக்காரா, குறைச்சிருக்காரா?" என்றார் மருந்தாளர்.

"அதான் தெரியல. டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார். வார்டு சிஸ்டர்கிட்ட கேட்டேன். அவங்க மானிட்டரும் இதே கதி. மூணு மாதிரி இருக்கு, ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்கிறாங்க."

"குறைக்கச் சொன்னதைக் கூட்டிக் கொடுத்தோம்னா…" மருந்தாளர் முடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தகப்பன் நின்றிருந்தார்.

"அக்கா, அடுத்த வேளை நேரம் ஆயிடுச்சுக்கா" என்றார் குழாய்க்காரர். "சிஸ்டர் கையில மருந்து வேணும்னு நிக்கிறாங்க. எதையாவது போட்டுக் கொடுங்களேன்."

"எதையாவது போட முடியாது தம்பி. போட்டா நீ என்னைக் கொல்லணும்."

சீட்டக்கா புகார் அனுப்பினார். பதில் வரவில்லை. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. பிரிவு முழுவதும் விழாவில் இருந்தது.

"வா" என்று குழாய்க்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு சீட்டக்கா விழா அரங்கத்துக்கு ஓடினார்.

மேடையில் பிரிவுத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் பெரிய திரை. அதுவும் ஒரே பார்வைத் திட்டத்தில் இருந்ததால் அதில் அவருடைய பெயர் புகையில் எழுதியதுபோல் தெரிந்தது.

"நம்ம பிரிவுக்கு வந்த புகார்ல தீர்க்கப்படாதது ஒண்ணுகூட கிடையாது. ரகசியம் என்னன்னு நிறைய பேர் கேக்கறாங்க. சொல்றேன். நாங்க மானிட்டரைப் பார்க்கறதில்ல, புகாரைப் பார்க்கிறோம். மானிட்டரைப் பார்த்தா மானிட்டர்தான் சரியாகும். புகாரைப் பார்த்தா புகாரே சரியாகிடும்! எங்க வேலை எது? ஒரு சிலர் சொல்றாங்க, அந்த அமைப்பை மாத்திட்டா புகாரே வராதுன்னு. வராது, ஒத்துக்கறேன். வராத புகாரை நாங்க எப்படித் தீர்க்கறது? சேவை செய்ய வாய்ப்பே இல்லாம ஒரு பிரிவை உக்கார வைக்கிறது மனிதாபிமானமா?"

கைதட்டினார்கள். சீட்டக்காவைப் பார்த்ததும் தலைவர் முகம் மலர்ந்தது.

"இதோ வந்துட்டாங்க! எங்ககிட்ட அதிகமா பயன் அடைஞ்சவங்க. மேடைக்கு வாங்கம்மா. கடைசியா இவங்க அனுப்பின படத்தையே போடுங்கப்பா, எவ்வளவு தெளிவுன்னு எல்லாரும் பார்க்கட்டும்."

யாரோ விசையைத் தட்ட, குழந்தையின் சொட்டு மருந்து சுவர் அளவுக்குப் பெரிதாகி வந்து நின்றது. சுவர் அளவுக்கு மங்கல்.

"சார், அது என்ன நம்பர்னு மட்டும் சொல்லுங்க" என்றார் சீட்டக்கா.

தலைவர் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான் தயங்கினார். நிர்வாக அனுபவம் உள்ளவர்.

"எட்டு" என்றார் ஒலிபெருக்கியில், உறுதியாக.

"சார், மூணு மாதிரி இருக்கு சார்" என்றார் பின்வரிசையிலிருந்து முதல்நிலை ஆதரவாளர்.

"தலைவரே எட்டுன்னு சொல்லியாச்சே" என்றது முன்வரிசை.

"மேல வந்து உங்க ரூம் மானிட்டர்ல பார்த்துச் சொல்லுங்க சார், ஒரே நிமிஷம்" என்று சீட்டக்கா கெஞ்சினார். "கைக்குழந்தை சார்."

"விழா நடக்குதும்மா. முடிஞ்சதும் முறைப்படி பதிவு பண்ணுங்க. பூங்கொத்தை வாங்கிக்கோங்க."

சீட்டக்காவின் கையில் பூங்கொத்து திணிக்கப்பட்டது. அவர் அதை அங்கேயே ஒலிபெருக்கியின் மேல் வைத்துவிட்டு இறங்கினார். குழாய்க்காரர் ஏற்கெனவே படியேறிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் மாடியில் ஆளில்லை. கதவின் மேல்பாதிக் கண்ணாடி வழியே உள்ளே திரைகள் பளிச்சென்று தெரிந்தன. இவ்வளவு தூரத்திலிருந்து எண் மட்டும் தெரியவில்லை. பூட்டு சிவப்பு விளக்கைக் காட்டி, அட்டை கேட்டது.

குழாய்க்காரர் பூட்டைப் பார்த்தார். பிறகு கதவின் மறுபக்க ஓரத்தைப் பார்த்தார்.

"பூட்டு ரொம்ப புத்திசாலிதான்க்கா. ஆனா கீலை வெளிப்பக்கம் வச்சிருக்கானுங்களே, எந்தப் புண்ணியவான்?"

கைப்பையைத் திறந்தார். கதவைச் சுவரோடு பிடித்து வைத்திருப்பது பூட்டு அல்ல, கீல்தான். கீலின் நடுவே ஓடும் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டால் எவ்வளவு பெரிய கதவும் வெறும் பலகை. ஆணிகள் வந்தன. பூட்டு சிவப்பாகவே எரிந்துகொண்டிருக்க, இருவரும் கதவை அப்படியே தூக்கி நடைபாதையின் கோடியில், பழைய நாற்காலிகள் குவிந்திருந்த மூலையில் சாத்தி வைத்தார்கள்.

தலைவரின் மேஜைமேல் இருந்த திரையில் புகார் வரிசை திறந்தே கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே சீட்டக்காவின் படம்.

பூஜ்ஜியம். புள்ளி. மூன்று.

"குறைச்சிருக்கார்" என்றார் சீட்டக்கா. "ஸீரோ புள்ளி மூணு. நீயும் பாரு தம்பி."

"மூணுதான்க்கா." குழாய்க்காரர் எண்ணின்மேல் விரலை வைத்தார். "அந்த ஆளு எட்டுன்னானே, மைக்ல."

எண்ணை வாயிலேயே சொல்லிக்கொண்டு இருவரும் படியிறங்கி ஓடினார்கள். சீட்டு அச்சானது. மருந்தாளர் ஒட்டினார். மூன்றாம் மாடியில் சிஸ்டர் வாங்கி, குழந்தையின் உதட்டோரம் சொட்டு விட்டார். பின்னேரத்தில் டாக்டர் வந்து பார்த்து, குழந்தை தூங்குவதாகச் சொன்னார். தகப்பன் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார், மடியில் கைப்பை.

விருதோடு திரும்பிய தலைவர் தமது அறைக்குக் கதவு இல்லாததைக் கண்டார். கடும் கோபத்தோடு, ஆஸ்பத்திரியின் கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்குப் புகார் எழுதினார். கதவு கழற்றப்பட்டுவிட்டது, உடனே பொருத்த வேண்டும், செய்தவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பராமரிப்புப் பிரிவு, விருது பெற்ற முறையை அப்படியே பின்பற்றத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து உடனே பதில் வந்தது. "ஆதாரமாகக் கதவின் படம் இணைக்கவும்."

தலைவர் வாசலைப் படமெடுத்து அனுப்பினார்.

"படத்தைப் பரிசோதித்தோம். படம் தெளிவாக உள்ளது. அதில் கதவு எதுவும் இல்லை. இல்லாத கதவைப் பழுதுபார்க்க விதியில் இடமில்லை. புகார் தீர்க்கப்பட்டது."

அவர் மறுபடி எழுதினார். மறுபடி தீர்த்தார்கள். அவருடைய கண்ணுக்கும் சான்றிதழ் கேட்டார்கள். பழைய நாற்காலிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டுமென்று இரண்டு பிரிவிலும் எவருக்கும் தோன்றவில்லை. நேரில் போய்ப் பார்ப்பது அவர்கள் வழக்கம் இல்லை.

ஆஸ்பத்திரியின் திரைகள் இன்றைக்கும் மங்கல்தான். மூலையில் பெட்டிகள் எழுகின்றன. மேற்பார்வையாளனுக்கும் ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். மாதாமாதம் தலைவரின் உரை எல்லோருக்கும் ஒரே மாதிரி கசிந்து தெரிகிறது. சந்தேகம் வந்தால் சீட்டக்கா இப்போது புகார் எழுதுவதில்லை. எழுந்து ஐந்தாம் மாடி ஏறுகிறார். வார்டு சிஸ்டர்களும் வருகிறார்கள்; கண் டாக்டர்கூட ஒருநாள் வந்தார். கதவில்லாத வாசல் வழியே நுழைந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், விருதுக் கேடயத்தைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டுத் தலைவரின் திரையைப் பார்க்கிறார்கள். பிறகு எண் மறந்துவிடாமலிருக்க உரக்கச் சொல்லிக்கொண்டே படியிறங்குகிறார்கள்.

தலைவர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சத்தத்தைப் பற்றியும் புகார் எழுதியிருக்கிறார். அதற்கு ஆதாரமாகப் படம் கேட்டிருக்கிறார்கள்.